ஒரு டம்ளர் உரம்

“ஒரு ஸ்பூன் போட வேண்டிய உரத்தை ஒரு டம்ளர் போட்டுட்டேங்க. செடி பொழைக்குமா?”

ஹலோ கூடச் சொல்லாமல் மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்துவிட்டான். ஒரு கையில் போன். இன்னொரு கையில் உரப் பாக்கெட் இருந்தது. அதன் முதுகில் ‘தொட்டிக்கு ஒரு ஸ்பூன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, உரத்தைக் கொட்டி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. படித்தவன் செய்கிற காரியமா இது?

வேலை போய் இரண்டு மாதம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு மாமியார் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்திருந்தான். சனிக்கிழமையும் மனைவிக்கு ஆபீஸ் உண்டு. பகலெல்லாம் மாமியாரும் மாப்பிள்ளையும்தான். சும்மா உட்கார்ந்து சாப்பிடும் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. உபயோகமாக ஏதாவது செய்வோமே என்று, காலையில் மாமியார் வெளியே கிளம்பியதும் எலுமிச்சைத் தொட்டிக்கு உரம் போட்டான். போடுவதைத் தாராளமாகப் போடுவோம் என்று ஒரு டம்ளர்.

அதுவும் எந்தச் செடி! மாமியார் விதை போட்டு வளர்த்து, ஆறு வருஷம் காத்திருந்து, இந்த மாதம்தான் முதன்முதலாகப் பூத்திருந்தது. நாளைக்குப் பூங்காவில் தன்னார்வத் தோட்டக்காரர்கள் நடத்தும் கண்காட்சிக்குப் போக வேண்டிய செடி அது.

அந்தக் கோஷ்டியின் நோட்டீஸ்தான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை பூங்காவில் இலவச வகுப்பு. அதே நேரம் நூலகத்தில் தொலைபேசி ஆலோசனை, மதியம் ஒரு மணி வரை. மாமியார் வாரம் தவறாமல் போவது வகுப்புக்கு. அவர் அங்கே மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார், நூலகத்தில் பேசுவது அவர் காதுக்கு எட்டாது என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டுதான் நம்பரை அழுத்தினான்.

போனை எடுத்த ஆள் தயங்கித் தயங்கிப் பேசினான். “நான் புதுசுங்க. இன்னைக்குத்தான் முதல் நாள். பக்கத்துல மேடம் இருக்காங்க, கேட்டுக் கேட்டுச் சொல்றேன்.”

நல்ல ஆளிடம் வந்து மாட்டினோம் என்று மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். புது ஆள் எல்லாவற்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னான். எலுமிச்சையாம் மேடம், தொட்டியாம், ஒரு டம்ளராம். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, என்ன உரம், எத்தனை மணிக்குப் போட்டது, பூ உதிர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. இரண்டு பூ உதிர்ந்திருந்தது. இலைகள் தொங்குவது போலவும் இருந்தது, தொங்காதது போலவும் இருந்தது.

அப்புறம் வைத்தியம் சொன்னார்கள். கரையாமல் மேலே கிடக்கும் உரத்தை மண்ணோடு வழித்து எடுக்க வேண்டும். தொட்டியின் அடி ஓட்டையைக் கம்பியால் குத்திவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கரைந்த உரத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு வாளி நன்றாக வடிந்த பிறகுதான் அடுத்த வாளி. எட்டு வாளியாவது ஊற்றிவிட்டு நிழலில் வைக்க வேண்டும்.

“ஒரு மணிக்குள்ள முடிஞ்சிடுமா? செடிக்காரங்க வந்துடுவாங்க.”

“செடி உங்களுது இல்லையா?”

“மாமியாரோடது.”

புது ஆள் அதையும் உரக்கச் சொல்லித் தொலைத்தான். மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று தன் பங்குக்கு ஒரு யோசனையும் சொன்னான்.

மாப்பிள்ளை உரப் பாக்கெட்டைக் கீழே வைத்தான். முகம் தெரியாத ஆள்தானே என்று மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டான்.

“சொல்லலாங்க. அவங்க திட்ட மாட்டாங்க. ரெண்டு மாசமா தண்டச்சோறு தின்னுட்டு இருக்கேன், ஒரு வார்த்தை சொன்னதில்ல. திட்டிட்டாக்கூட நிம்மதியா இருக்கும். ஒரு செடிக்கு உரம் போடக்கூட இவனுக்குத் துப்பு இல்ல, இவனுக்குப் போய்ப் பொண்ணைக் குடுத்தோமேன்னு மனசுக்குள்ள நெனைச்சுட்டாங்கன்னா, அப்புறம் அந்த வீட்ல நான் எப்படிங்க இருப்பேன்?”

புது ஆள் அதையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிறீச்சிட்டது. “இருங்க, மேடம் இன்னும் ஏதோ...” என்றவனை முடிக்க விடாமல் மாப்பிள்ளை போனை வைத்துவிட்டான்.

வந்தது கூரியர்காரர். போன உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகு அவன் தலை நிமிரவே இல்லை. மண்ணை வழித்தான், ஓட்டையைக் குத்தினான், ஊற்றினான், வடியக் காத்திருந்தான், மறுபடியும் ஊற்றினான். மணி ஒன்றானது. வாளி ஐந்துதான் ஆகியிருந்தது. ஆனால் மாமியாரைக் காணோம். ஒன்றரை ஆனது, இரண்டும் ஆனது. என்றைக்கும் ஒன்றேகாலுக்கு வீட்டில் இருப்பவர் இன்றைக்குப் பார்த்துத் தாமதம் செய்தது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். எட்டாவது வாளியையும் வடியவிட்டு, தொட்டியை நிழலுக்கு இழுத்து, தரையைத் துடைத்து, நனைந்த சட்டையையும் மாற்றிக்கொண்டான்.

இரண்டேகாலுக்கு மாமியார் வந்தார். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் நேரே தொட்டியிடம் போனார். வெயில் அதிகமாக இருந்தது, அதனால்தான் நகர்த்தினேன் அத்தை என்று தயாராக வைத்திருந்த பொய்யை மாப்பிள்ளை எடுத்துவிட்டான். மாமியார் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். குனிந்து அடி ஓட்டையைப் பார்த்தார்.

“வேலை சுத்தம், மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “ஆனா நீங்க பாட்டுக்குப் போனை வச்சுட்டீங்க. அந்தப் புதுத் தம்பிக்குத் துணையா இன்னைக்கு என்னை நூலகத்துல உக்கார வச்சிருந்தாங்க, இன்னும் ரெண்டு விஷயம் சொல்லச் சொல்லி அவன்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். ஒண்ணு, ஒரு மாசத்துக்கு இந்தச் செடிக்கு உரமே போடக் கூடாது. இன்னொண்ணு, உங்க மாமியார் அப்படியெல்லாம் நெனைக்கிற ஆள் இல்ல.”