நீல மூடி டப்பா

துணிப்பைக்குள் டப்பாவின் அடி இன்னும் சூடாக இருந்தது.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு சீனப் பாட்டி மேடம் தியோவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாதி நொரைனி தரையில் உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்தாள். பெருவிரல் நுனி கறுத்திருந்தது. போன வாரத்தைவிடக் கூடுதலாக.

கைவிரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். எண்ணைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

“மாத்திரை ஒழுங்காத்தான் போடுறாங்க. அப்புறம் எப்படி ஏறும்? யாரோ இனிப்பு கொடுக்குறாங்க. இப்படியே போனா இந்த விரலை எடுத்துடுவாங்க. நீங்கதான் அடிக்கடி வர்றீங்க. யாருன்னு கண்டுபிடிங்க.”

அவள் தலையாட்டினாள்.

உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்தாள். அதுதான் வேடிக்கை.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எதிர்வீடு. அவர்கள் கதவு திறந்திருந்தது, என் கதவும் திறந்திருந்தது. நான் பாட்டுக்குத் தாழ்வாரத்தில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே துண்டுதான். எனக்கு எதையும் நிதானமாகச் செய்துதான் பழக்கம்.

மேடம் தியோவின் மகளாக இருக்குமோ? அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து சூப்பை வைத்துவிட்டு ஓடுகிறவள்.

கீழே காப்பிக்கடையில் கெட்டிப்பால் காப்பி? இந்தக் காலோடு லிஃப்ட் வரைகூடப் போக முடியாது.

சாமி மாடத்து ஆரஞ்சு? அது யாரும் தொடாமல் சுருங்கிக் கிடந்தது.

ஒவ்வொருவரையும் மனதுக்குள் கூண்டில் ஏற்றி இறக்கினாள். முகத்திலேயே தெரிந்தது.

மடியில் என்ன என்று யாராவது கேட்டிருந்தால், “இனிப்பெல்லாம் இல்லீங்க, டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்” என்றிருப்பாள்.

சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தாள்.

திருமங்கலத்திலிருந்து வந்தவள். புருஷன் கப்பல் பட்டறைக்குப் போய்விட்டால் பேச இந்தச் சிங்கப்பூரில் சுவர்தான். அதனால் தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுத்தாள். சம்பளமில்லாமல் வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்க்கிற வேலை. யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

அதே முதல் நாள், மேடம் தியோ வேகவைத்த கடலையை நீல மூடி டப்பாவில் போட்டு நீட்டினார். இரண்டு கையாலும்.

எப்படி மறுப்பது?

வாங்கினாள்.

வாங்கிய டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தருவதா? நல்ல வீட்டில் வளர்ந்த பெண்ணாயிற்றே.

கேசரி போனது. பப்பாளி வந்தது. பால்கோவா போனது. மறுபடி கடலை. மறுபடி கேசரி. இந்தத் தாழ்வாரத்தில் அந்த டப்பா ஒரு நாளும் பட்டினியாக நடந்ததில்லை.

நொரைனி நிமிர்ந்தாள்.

“நெய் வாசனை வருதே?”

மேடம் தியோ முந்திக்கொண்டார். கையை நீட்டினார். தாழ்வாரத்துக்கு இந்தப் பக்கம். என் வீட்டைப் பார்த்து.

என்னை! இத்தனை வருஷத்தில் ஒரு சிட்டிகை உப்புகூடக் கொடுக்காதவளை!

நொரைனி என் பக்கம் திரும்பிய நேரத்தில், மேடம் தியோ அவள் மடியிலிருந்து பையை இழுத்துத் தன் தலையணைக்கு அடியில் செருகினார்.

பிறகு அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அவள் மடியில் சூடு மட்டும் மிச்சம் இருந்தது.

அதைத் தடவிப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள்.

என்னையும் பார்த்தாள். நான் துண்டைப் பார்த்துக்கொண்டேன்.

தலையணைக்கு அடியில் மெல்லக் கையை விட்டுப் பையை எடுத்தாள். டப்பாவை வெளியே எடுத்து, நொரைனியின் முன்னால் மூடியைத் திறந்தாள். நெய் மினுங்கும் கேசரி. மேலே பாதி பாதியாக உடைத்துப் பதித்த முந்திரி.

“நான்தான்.”

நொரைனி கேசரியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி கேசரியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குள் அடுத்து அவள் போகவேண்டிய நோயாளி வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. கட்டுப் போட்டு முடித்து, “இனிமே வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மேடம் தியோ கேசரி கொண்டுவந்தவளைப் பார்க்கவில்லை.

குதிகாலை ஊன்றி எழுந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது.

குழாய்ச் சத்தம். நெடுநேரம்.

திரும்பி வந்து, கழுவித் துடைத்த டப்பாவை அவளிடம் நீட்டினார்.

இரண்டு கையாலும்.

அவள் தாழ்வாரத்துக்கு வந்து மூடியைத் திறந்தாள்.

ஒரு கடலைகூட இல்லை.

“அக்கா, இது அவங்க டப்பா. அவங்க டப்பாவை எனக்கு எதுக்கு வெறுமையா கொடுக்குறாங்க?”

இந்த மாடியில் யார் வீட்டில் ஒரு தட்டு உடைந்தாலும் அர்த்தம் சொல்கிறவள் நான். கேசரி குப்பைக்குப் போனதா, கிண்ணத்துக்குப் போனதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

“கோபமாக்கா?”

எதிர்க்கதவு சாத்தியும் இல்லை, திறந்தும் இல்லை. நடுவில் நின்றது.

அவள் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லிஃப்ட் வரை போனாள். லிஃப்ட் வந்தது. ஏறவில்லை. திரும்பி வந்தாள்.

“சுண்டல்ல சர்க்கரை இல்லைதானே, அக்கா?”

நான் துண்டை எடுத்துப் பிழிந்தேன்.

அது எப்போதோ காய்ந்திருந்தது.