இரண்டாவதாக வந்தவள்

அன்று காலை வாசலில் இருந்தவர்கள்: தன் பெயரே மறந்துபோன ஒருவர், மருத்துவமனையிலிருந்து அவரைக் கூட்டிவந்த நான், கணினியின் முகத் தேடலில் அவருக்கு மனைவியாக முதலில் வந்த பூரணம், இரண்டாவதாக வந்த ரோசலின்.

வால்பாறைப் பனியில் தேயிலைச் செடிகள் தெரியவில்லை. பூரணத்தின் வீடு மட்டும் மிதப்பதுபோல் நின்றது.

மருத்துவமனை அவர் முகத்தைத் தேடலில் போட்டிருந்தது. அவர் பூரணத்தின் கணவராக இருக்க நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வாய்ப்பு, ரோசலினின் கணவராக இருக்க நாற்பத்தேழு. முதலில் வரும் வீட்டில் விடுவதுதான் வழக்கம். இரண்டாவதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தேடலில் தன் பெயரும் வந்ததைக் கேள்விப்பட்டு, ரோசலின் பொள்ளாச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்துத் தானாகவே வந்திருந்தாள்.

"ஏங்க, என்னைப் பாருங்க. உங்க முதுகுல வெந்நீர் கொட்டின தழும்பு இருக்கும். நான்தானே கொட்டினேன்" என்றாள்.

அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தழும்பு இருந்தது.

அவர் தூக்கத்தில் சிரிப்பவர்போல் சிரித்தார். "இருக்கட்டும்மா. நீங்க ரெண்டாவதாத்தானே வந்திருக்கீங்க?"

நான் பூரணத்தைப் பார்த்தேன்.

"என்ன தம்பி முறைக்கிற? என் வீட்டுக்காரரு இவரைவிடக் குள்ளம். எனக்குத் தெரியாதா?" என்றாள் என் காதருகில். "எத்தனை வருசமா தேடுறேன். இப்பத்தான் ஒரு ஆளு வந்திருக்கு."

பிறகு அவரிடம் திரும்பினாள். "உள்ள வாங்க. இட்லி ஆறுது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளியின் கூச்சத்தோடு படியேறினார். ரோசலின் அவர் சட்டை நுனியைப் பிடித்தாள். துணி கையிலிருந்து நழுவியது. அவர் உள்ளே போனதும் பூரணம் கதவைச் சாத்திப் பூட்டினாள்.