இருபத்து நான்கு நாள் அமைச்சரவை

மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அதனால் ஜெயசுதாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு கொல்லிமலைச் செம்மேட்டில், ஓர் இ-சேவை மையத்தில், இரவல் லேப்டாப் முன்னால் நடந்தது.

திரையில் பல்கலைக்கழக அரங்கம். அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா இருசாயி, மடியில் ஈரக் குடையோடு.

ஆய்வு, 1870-இல் பிரெஞ்சுப் பேரரசின் கடைசி அமைச்சரவை பற்றியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் போர்முனையில் இருந்தார். பாரிஸில் பேரரசியின் பொறுப்பில் ஆட்சி. பலிகாவோ பிரபுவின் தலைமையில் வந்த அமைச்சர்கள் இருபத்து நான்கே நாள் இருந்தார்கள். பேரரசர் பிடிபட்டார் என்று செய்தி வந்தது. மக்கள் கூட்டம் சட்டமன்றத்துக்குள் புகுந்தது. அவ்வளவுதான்.

தோற்றவர்கள் என்று எல்லாரும் ஒரே வரியில் கடந்துபோன அமைச்சரவை அது.

அந்த நாட்களில் அவர்கள் புதுப்படை திரட்டியதையும், எதிரிப்படை முற்றுகையிடும் முன்பே பாரிஸுக்குள் தானியமும் ஆடுமாடும் கொண்டுவந்து சேர்த்ததையும் ஜெயசுதா நாள்வாரியாக எழுதியிருந்தாள். அதற்காகவே புதுச்சேரியில் தங்கி மூன்று வருடம் பிரெஞ்சு படித்தாள்.

நாற்பது நிமிடம் தடுமாறாமல் பதில் சொன்னாள்.

கடைசியாகப் புறத்தேர்வாளர் அர்த்தனாரி. தன் வீட்டிலிருந்து தனிச் சதுரத்தில் தெரிந்தார். மலைவாழ் மக்களைப் பற்றி நான்கு புத்தகங்கள் எழுதிய பேராசிரியர். அவர் பரிந்துரைத்தால்தான் பட்டம்.

கண்ணாடியைக் கழற்றினார்.

“கொல்லிமலையிலிருந்து வருகிறீர்கள். சொந்த மக்களை விட்டுவிட்டு உங்களுக்கு எதற்குப் பிரான்ஸ்?”

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவள் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவரும் கேள்வி. ஒவ்வொரு முறையும் “ஆசைதாங்க” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வாள்.

இன்று குனியவில்லை.

“ஐயா, எங்கெங்கிருந்தோ கடல் தாண்டி வந்து எங்களைப் பத்தி எழுதிட்டுப் போறாங்க. உங்களுக்கு எதுக்குக் கொல்லிமலைன்னு அவங்களை யாரும் கேட்டதில்லீங்களே.”

சிரிப்பு நின்றது. பிறகு ஒருவர் கைதட்டினார். அப்புறம் அரங்கமே தட்டியது.

அர்த்தனாரி தட்டவில்லை. சற்று நேரம் எதையோ எழுதினார். பிறகு நிமிர்ந்து, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்.

இருசாயி எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்தாள்.

“ஏங்கண்ணு, செயிச்சது நீயா, அந்த மந்திரிங்களா?”

“அவங்க தோத்துட்டாங்கம்மா. நாந்தான் செயிச்சேன்.”

இருவரும் சிரித்த சிரிப்பில், வாசலில் சாதிச் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அரங்கம் மறைந்தது. ஒவ்வொருவராக இணைப்பிலிருந்து போனார்கள். ஒரு சதுரம் மட்டும் அணையவில்லை.

“அம்மா பேசுனது காதுல உழுந்துச்சு,” என்றார் அர்த்தனாரி. மேடைத் தமிழ் அவர் குரலிலிருந்து போயிருந்தது. “எனக்கும் கொல்லிமலைதான், பைல் நாட்டுப் பக்கம், கண்ணு. இங்க யாருக்கும் தெரியாது.”

ஜெயசுதா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“எம்பத்தெட்டுல நானும் பிரான்ஸ் பத்தி எழுதறேன்னுதான் போயி நின்னேன். இதே கேள்விதான் கேட்டாங்க, சாமி. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”