கிட்டாருக்கு நாலாம் முழுக்கு

"ஐயையோ சார், இங்க பாருங்க, ஒரு குமிழி!"

அடுக்குமாடியின் முதல் வீட்டுக் கார் பெயின்டர் சொன்னதும் நூலகர் பதறிக் குனிந்தார். அவருடைய கிட்டாரின் உடல்கட்டை அப்போதுதான் தொட்டித் தண்ணீரிலிருந்து வெளியே வந்திருந்தது. தண்ணீர்மேல் மிதந்த நீலமும் பச்சையும் மஞ்சளும் அப்படியே சுழிசுழியாக அதில் ஒட்டிக்கொண்டு மின்னின. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடுகில் பாதி அளவுக்கு ஏதோ இருந்தது. இருந்ததா என்பதுகூட நிச்சயமில்லை.

"இது யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? விட்டுடுங்களேன்."

"என் கண்ணுக்குத் தெரியுதே! மேடையில விளக்கு பட்டதும் முதல்ல அதுதான் பல்லைக் காட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டு இன்னொரு தடவை முக்கிடலாம்."

இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஓரத்தில் திட்டு விழுந்துவிட்டது என்றார். அடுத்த தடவை பெயின்ட் மிதப்பதற்காகத் தண்ணீரில் கலக்கும் வெண்காரம் கூடிவிட்டது என்றார். தேய்க்க, வெள்ளை அடிப்பூச்சு பூச, காயவைக்க என்று தடவைக்குப் பத்து நாள் ஓடியது. நூலக ஆண்டு விழாவுக்கு இருந்ததோ பன்னிரண்டே நாள். 'நம் நூலகரின் கிட்டார் இசை' என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. பகலெல்லாம் 'சத்தம் போடாதீர்கள்' பலகையைக் காட்டியே காலம் தள்ளிய மனிதருக்கு முதல் மேடை.

கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. "உங்க கிட்டார் ரொம்ப மொட்டையா இருக்கு சார், காசே வேணாம், நான் கலர் போட்டுத் தர்றேன்" என்று தானாக வீடேறி வந்து வாங்கிப்போனவர் பெயின்டர்.

அலமாரியில் பெயின்ட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மூடிகளில் சாக்கட்டியால் 2, 4, 5 என்று எழுதியிருந்தது.

"நம்பரெல்லாம் எதுக்கு?"

"அது நம்ம தொழில் கணக்கு சார்" என்று பெயின்டர் தொட்டியைக் கழுவப் போனார்.

மாடிப்படியில் இரண்டாம் வீட்டு நர்ஸம்மா எதிர்ப்பட்டார். இரவு வேலை முடித்து வந்து இருட்டும்வரை தூங்குகிறவர். சமீபமாக முகம் தெளிந்திருந்தது.

"கிட்டார் ரெடியா சார்?"

"இல்லம்மா, மறுபடி முக்கணுமாம்."

"அவசரப்படுத்தாதீங்க. கலை வேலை இல்லையா?"

மூன்றாம் வீட்டில் ஆள் இல்லை. காலி செய்துபோய் ஒரு வருடம். நாலாம் வீட்டுத் தையல்காரரும் ஐந்தாம் வீட்டுக் கணக்கு வாத்தியாரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். "அந்தப் பெயின்டர் கை மாதிரி வராது, விட்டுடாதீங்க" என்றார் வாத்தியார். தன் வாசிப்பைக் கேளாமல் எப்படித் தவிக்கிறார்கள் என்று நினைத்தபடியே நூலகர் மிச்சப் படிகளை ஏறினார்.

ஆறாம் வீடு அவருடையது. மனைவி மிளகாய்த்தூள் டப்பா மூடியில் தேதிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். 16 என்பதன் ஆறுக்கு அவள் வழக்கப்படி வால் சுருண்டு, தலையில் கொண்டை போட்டிருந்தது.

"வெறும் வெள்ளையாவே தந்தி மாட்டி எடுத்துட்டு வந்துடட்டுமா? மூணு வருஷமா தினமும் சாயங்காலம் வாசிச்ச கை. நமநமங்குது."

"அரைகுறையா மேடையேறி மானத்தை வாங்கணுமா? நல்லா வர்ற வரைக்கும் அவர்கிட்டயே இருக்கட்டுங்க."

மூன்று வருடத்தில் ஒரு நாளும் தன் கிட்டாரைப்பற்றி அக்கறையாகப் பேசாதவள். நூலகர் நெகிழ்ந்துபோனார்.

பத்தாம் நாள் நாலாவது முழுக்கு. பெயின்டர் முகம் வாடியிருந்தது.

"இதோட டப்பா எல்லாம் காலி சார். இனிமே தேய்ச்சாலும் முக்க பெயின்ட் இல்ல."

கடைசிச் சொட்டுகளைத் தண்ணீரில் விட்டு, குச்சியால் சுழித்து, கட்டையை மெல்ல அமிழ்த்தினார். மேலே மிச்சம் மிதந்ததைச் செய்தித்தாளால் ஒற்றி எடுத்துவிட்டுத் தூக்கினார். திட்டு இல்லை. குமிழி இல்லை.

"வேற வழியில்ல, முடிஞ்சுடுச்சு" என்றார் பெயின்டர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

நூலகர் கை நீட்டினார். அப்போது வாசலிலிருந்து பெயின்டரின் மனைவி குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, கவலைய விடுங்க! ஊதா வந்துடுச்சு!"

கையில் புது டப்பா. நூலகரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பெயின்டர் டப்பாவைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், விரலை நீட்டினார்.

"ஐயையோ சார், இங்க பாருங்க, ஒரு குமிழி!"

நூலகர் குமிழியைப் பார்க்கவில்லை. டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில், வால் சுருண்டு தலையில் கொண்டை போட்ட ஒரு 6.