நான்கு இடங்களில் ஒரு கொட்டாவி

மார்ச் ஒன்பதாம் தேதி மாலை, தலைநகர் விளையாட்டுத் திடலில் நடந்த பதவியேற்பு விழாவுக்கு மூன்று லட்சம் பேர் வந்ததாக ஆளுங்கட்சி அறிவித்தது. அன்றிரவு, நாளிதழ் அலுவலகத்துக் கணினித் திரையில் அந்தத் திடல் விரிந்து கிடக்கிறது. முன்பக்கம் தலைகள்; பின்னால் சாயும் வெயிலில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள் பல்லை இளிக்கின்றன. படமெடுத்தவர் சட்டையில் திடலின் புழுதியோடு நிற்கிறார். செய்தி ஆசிரியர் டீக் கோப்பையால் திரையைக் காட்டுகிறார். “என்னய்யா இது, படம் ஓடாத தியேட்டர் மாதிரி? பதவியேத்த நம்ம ஆளு மானமே போயிடும். காலி இடத்தை ரொப்பும்மா.” பக்கம் வடிவமைக்கும் பெண் முன்வரிசைக் கூட்டத்தை வெட்டி, நாற்காலிகளின் மேல் ஒட்டுகிறார். மறுபடியும் மறுபடியும் ஒட்டுகிறார். கூட்டத்தில் கொட்டாவி விடும் மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் இப்போது நான்கு இடங்களில் வாயைப் பிளக்கிறார். நான்கு வாயிலும் அதே சொத்தைப்பல். “சார், ஒரே ஆளு நாலு தடவை வர்றாரு.” “ஒரே பிரசவத்துல நாலுன்னு நினைச்சுக்கோ.” ஆசிரியர் சிரிக்க, வாயிலிருந்த பிஸ்கட் தூள் திரையில் தெறிக்கிறது. கட்டைவிரலால் துடைக்கிறார், அது ஈரமாக இழுபட்டுக் கூட்டத்தின் மேல் பரவுகிறது. படமெடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டு, “அண்ணே, எதையாவது போட்டுக்கங்க. கீழ என் பேர் மட்டும் வேணாம்,” என்கிறார். “அட போப்பா. இருபது வருஷமா உன் பேரைப் பாத்துதானே ஜனங்க நம்புறாங்க? அது இல்லாம இந்தப் படத்தை வெச்சு நான் என்ன பண்ண?” பெண் தலை நிமிராமல் பெயரைத் தட்டச்சு செய்கிறார். மறுநாள் அந்தப் படம் முதல் பக்கத்தில், படமெடுத்தவர் பெயரோடு வெளியானது.