முறிகண்டியில் நின்றவர்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை மோட்டார் சைக்கிள் போட்டி. தவராசா முன்னே போக, அவனுடைய புது மனைவி அருந்ததி தன் தமையன் அப்புத்துரையின் மொறிஸ் காரில் பின்தொடர்ந்தாள். வழித்துணைக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த வீதியால் யாரும் போவதில்லை. அவள் எவ்வளவு சொல்லியும், நேரம் போய்விடும், நிற்கமாட்டேன் என்று தவராசா சொல்லியிருந்தான். அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று வழி முழுவதும் அவள் சீற்றின் நுனியிலேயே இருந்தாள்.

கோயிலடிக்குக் கார் வந்தபோது, அவன் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். அவள் தைத்துக் கொடுத்த பதினேழாம் இலக்கம் முதுகில் இருந்தது. அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வடக்கே பறந்தான்.

“பாத்தியளே அண்ணை, என்ரை சொல்லைக் கேட்டிட்டார்!”

“பாவம், அதுக்கிடையில அடங்கிப் போனான்” என்று அப்புத்துரை சிரித்தான்.

கிளிநொச்சியில் நேரம் பதிகிறவர்கள், பதினேழு இன்னும் வரவில்லை என்றார்கள். சற்றுப் பொறுத்து, கார் வந்த அதே வழியால் தவராசா புழுதியோடு வந்து சேர்ந்தான்.

“மாங்குளத்தில ரியூப் வெடிச்சிட்டுது. ஒட்டிக்கொண்டு நிக்க, நீங்கள் என்னைக் காணாமல் தாண்டிப் போனியள்.”

“முறிகண்டியில?”

“நிக்கேல்லை. கோவிக்காதையும்.”

அவள் கோபிக்கவில்லை. அவன் புறப்பட்டதும் காரும் புறப்பட்டது.

ஆனையிறவு வெளியில் வீதி நேராகக் கிடந்தது. தவராசாவுக்கு முன்னே, கூப்பிடு தூரத்தில், இன்னொரு பதினேழு போய்க்கொண்டிருந்தது. அது பள்ளத்தை விலத்திய இடத்தில் இவனும் விலத்தினான். அப்புத்துரை அதைப் பிடிக்கக் காரை விரட்டினான்.

அருந்ததி சீற்றில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“மெல்லமாப் போங்கோ அண்ணை. முறிகண்டியில கும்பிட்டவர் முன்னுக்குப் போறார்.”