வாய் திறக்காத திரை

காலை வெயில் கறுப்புத் திரையில் சாய்ந்து விழுகிறது. பத்து வருட மழை அளவுகள் பழைய கணினியிலிருந்து புதியதற்கு வந்துவிட்டன. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிடச் சொல்லி, வானிலை நிலையத்தில் கணினியைக் கவனிக்கும் அவள் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டுகிறாள். திரை எதுவும் சொல்லாமல் அடுத்த வரியில் போய் நிற்கிறது. "என்னம்மா, ஒண்ணுமே வரலையே?" பழைய கணினியைக் கழித்துக்கட்ட வந்த தலைமை ஆய்வாளர், அதை அணைக்கும் விசையில் வைத்த விரலை எடுத்துக்கொள்கிறார். "இது எங்க மாமியார் மாதிரி சார். குறை இருந்தாத்தான் வாயத் திறக்கும்." அவர் முகம் தெளியவில்லை. அவள் தனியாக ஒரு நகல் எடுத்து, ஒரே ஒரு நாள் மழையை ஒரு மில்லிமீட்டர் கூட்டிவிட்டு மறுபடி தட்டுகிறாள். அந்தத் தேதியும் இரண்டு எண்களும் பளிச்சென்று வந்து விழுகின்றன. "அடேயப்பா, உங்க மாமியார் கண்ணுக்கு ஒரு துளிகூடத் தப்பாது போலிருக்கே!" சிரித்தபடி அவரே விசையை அழுத்துகிறார். பழைய கணினியின் இரைச்சல் அடங்குகிறது. இப்போது அறையும் ஒன்றும் சொல்லவில்லை.